காக்காய்க்கு வைத்த பாயசம்

நாலு மணி நேரம் வயிற்றைக் காயப்போட வேண்டும், அதற்கப்புறம் குழைய வடித்த கஞ்சி நாலு ஸ்பூன், உப்பு கூடாது, அது தங்கினால் இன்னும் நாலு ஸ்பூன், தண்ணீரைக் கிண்ணத்தோடு வைத்துவிடாமல் கொஞ்சம் கொஞ்சமாக நக்கக் கொடுக்க வேண்டும், பயப்பட ஒன்றுமில்லை, நாய் வாந்தியெடுப்பதெல்லாம் நமக்குத் தும்மல் வருகிற மாதிரி. இப்படிச் சொன்னாராம் மாட்டு டாக்டர். டாக்டர் என் வீட்டுக்காரரிடம் சொல்லி, அவர் என்னிடம் போனில் சொல்லி, இப்போது நான் துரையிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். துரை காதில் வாங்குவதாக இல்லை. கொல்லையில் துவைக்கிற கல்லுக்கும் மதிலுக்கும் நடுவில் இருக்கிற ஈரத்தில் வயிற்றை ஒட்டவைத்துக்கொண்டு படுத்திருக்கிறது. எட்டு வயசு நாட்டு நாய், செம்மண் நிறம், ஒரு காது எப்போதும் மடங்கியே இருக்கும். என்னைப் பார்க்கிறது, கண்ணை மூடுகிறது, திரும்பத் திறந்து நான் இருக்கிறேனா என்று பார்க்கிறது. இருக்கிறேன், எங்கே போகப் போகிறேன். மணி மூன்றே முக்கால். டீ நேரத்தில் போன் செய்தவர் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டு, வைக்கப் போகிற நேரத்தில், போகிற போக்கில் ஒன்றைச் சொன்னார். சாக்லேட் தின்றதா, உலர் திராட்சை தின்றதா என்றெல்லாம் டாக்டர் கேட்டாராம். திராட்சை நாய்க்கு ஆகவே ஆகாதாம், சில நாய்க்கு நாலைந்து போதுமாம், கிட்னியே போய்விடுமாம், சிலதுக்கு ஒன்றுமே ஆகாதாம். "அதெல்லாம் நம்ம வீட்ல யாரு போடப்போறா, காலைல வச்ச தயிர்சோறுதான்னு சொல்லிட்டேன்" என்று சிரித்தார். நான் "ம்" என்றேன். அந்த ஒரு எழுத்தைச் சொல்லிவிட்டுப் போனைக் கையில் பிடித்தபடி கொல்லைப்படியில் உட்கார்ந்தவள்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை.

ம் என்றால் என்ன அர்த்தம். ஆமாம் என்று அர்த்தம். தயிர்சோறுதான் என்று அர்த்தம். நான் வாயைத் திறந்து ஒரு பொய் சொல்லவில்லை, ஆனால் அவர் சொன்ன தப்பைத் திருத்தவும் இல்லை, இதற்கு என்ன பெயரோ. நியாயமாகப் பார்த்தால் இந்தப் பொய் இப்போது பிறந்ததில்லை, மத்தியானம் ஒன்றேகாலுக்குப் பிறந்தது, அதற்குப் பிள்ளைதான் இந்த ம். ஆடி அமாவாசை இன்றைக்கு. விடியற்காலை நாலரைக்கு எழுந்து தலைக்கு ஊற்றிக்கொண்டு, வாழைக்காய், பூசணிக்காய்க் கூட்டு, பருப்பு, உளுந்து வடை, சேமியா பாயசம் எல்லாம் செய்து ஏழு மணிக்கு மாமனார் படத்துக்கு முன்னால் படைத்தாயிற்று. அவர் கற்பூரம் காட்டிக் கும்பிட்டுவிட்டு, காக்காய்க்கு உண்டான இலையை என் கையில் கொடுத்தார். அவர் ஒரு தனியார் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவுக்கு வாத்தியார், பஞ்சநாதன் சார் என்றால் காட்டூரில் பாதிப் பேருக்குத் தெரியும். இன்றைக்குப் பையன்களுக்குச் செய்முறைத் தேர்வு, வெளியூரிலிருந்து ஆள் வந்திருக்கிறது, இரண்டு மணி நேரம் பர்மிஷன்கூடக் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். மற்ற அமாவாசைக்கெல்லாம் பர்மிஷன் போட்டுவிட்டு அவரே மாடிக்குப் போய் வைப்பார். துரை பின்னாலேயே ஏறிப் போகும். ஐந்து நிமிஷத்தில் இறங்கி வந்து "எடுத்துடுச்சு" என்பார், நான் இலையைப் போடுவேன், இரண்டு பேரும் சாப்பிடுவோம். காக்காய் எடுக்காமல் அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். இன்றைக்கும் டப்பாவில் சோற்றைக் கட்டிக்கொண்டு, காக்காய் எடுத்ததும் ஆபீஸுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லு, அப்புறம் திறக்கிறேன் என்று சொல்லிவிட்டு எட்டு மணி பஸ்ஸுக்கு வெறும் வயிற்றோடு போனார். அல்சர் இருக்கிற மனுஷன்.

துரைக்கு வயிறு ஒரு தரம் உள்ளே போய் வெளியே வருகிறது. வாந்தி வரப்போகிறதா, மூச்சுத்தானா. எனக்கு நாயைப் பற்றி என்ன தெரியும். எட்டு வருஷமாகச் சோறு வைத்திருக்கிறேன், அவ்வளவுதான், தொட்டது கிடையாது, அது மாமாவின் நாய். அவர் மின்சார வாரியத்தில் கம்பத்தில் ஏறி ஏறி ரிட்டையர் ஆனவர், தெருவில் கிடந்த குட்டியைத் தூக்கி வந்து, இது நடக்கிற நடையைப் பாரு, தாசில்தார் கணக்காகப் பார்வையிட்டுக்கொண்டு வருகிறது என்று துரை என்று பெயர் வைத்தார். வீட்டுக்குள் நாய் என்றதும் நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டேன். அதற்காகவே அதை அடுக்களை வாசல்படி தாண்டாமல் பழக்கினார். இன்று வரைக்கும் தாண்டியதில்லை. கறி வேகிற நாளில்கூடப் படிக்கு அந்தப் பக்கம் நின்று மூக்கை மட்டும் நீட்டும். ஈறை அமுக்கிப் பார்க்கவும் சொன்னாராம் டாக்டர். அமுக்கினால் வெளுக்க வேண்டும், விட்டதும் உடனே சிவக்க வேண்டும், இல்லாவிட்டால் உடம்பில் தண்ணீர் குறைந்துவிட்டது என்று அர்த்தமாம். கையைக் கழுவிக்கொண்டு, பயந்துகொண்டே அதன் உதட்டைத் தூக்குகிறேன். கடிக்கும் என்று நினைத்தேன். கடிக்கவில்லை, தலையை இன்னும் கொஞ்சம் என் பக்கம் சாய்த்துக் கொடுக்கிறது. கடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஈறு வழவழவென்று இருக்கிறது. வெளுக்கிறது, சிவக்கிறது. உடனேதானா, கொஞ்சம் தாமதமா. என் ஈறை அமுக்கினால் எப்படி இருக்கும் என்று கண்ணாடி முன்னால் போய் நின்று வாயைத் திறந்து பார்த்துவிட்டு வந்தேன். யாராவது பார்த்திருந்தால் இவளுக்குத்தான் வைத்தியம் பார்க்க வேண்டும் என்றிருப்பார்கள்.

அமாவாசையன்று காக்காய்க்கு இருக்கிற கிராக்கி முகூர்த்த நாளில் நாதஸ்வரக்காரருக்குக்கூடக் கிடையாது. எங்கள் தெருவில் மட்டும் பதினோரு மொட்டை மாடி, பதினோரு இலை. இருக்கிற காக்காய் ஏழோ எட்டோ. முனையில் இருந்த அரசமரத்தை ரோட்டுக்காக வெட்டியதிலிருந்து அதுவும் குறைந்துபோயிற்று. நான் எட்டேகாலுக்கு வைத்தேன். கா கா என்று கூப்பிட்டேன். முதலில் மரியாதையாக, அப்புறம் கெஞ்சலாக, அப்புறம் எரிச்சலாக. பத்து மணிக்கு ஒரு தரம் ஏறிப்போய்க் கூப்பிட்டேன், பதினொன்றுக்கு ஒரு தரம். எதிர்வீட்டு ரெஜினா டீச்சருக்கு அமாவாசையும் இல்லை, பௌர்ணமியும் இல்லை, மாடியில் கருவாடு காயப்போட்டிருந்தார். ஊர்க் காக்காய் முழுக்க அங்கே கூடிவிட்டது. அவர் குச்சியை எடுத்து விரட்ட விரட்ட அதுகள் அங்கேயே விழுந்து விழுந்து வருகின்றன, நான் இங்கே வருந்தி வருந்திக் கூப்பிட ஒன்றுகூடத் திரும்பவில்லை. பன்னிரண்டரைக்கு ஒரே ஒரு காக்காய் வந்தது. கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து, இலையை ஒரு கண்ணால் பார்த்து, தலையைத் திருப்பி இன்னொரு கண்ணால் பார்த்து, ஒரு தத்து தத்தி, இன்னும் ஒரு தத்து மிச்சம் இருக்கும்போது நின்றுவிட்டது. மாமா, என்று வாய்விட்டுக் கூப்பிட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது சொல்ல. அலகைச் சுவரில் இந்தப் பக்கம் ஒரு தேய், அந்தப் பக்கம் ஒரு தேய், தேய்த்துவிட்டுப் பறந்துவிட்டது. அவருக்கு ஐந்து நிமிஷத்தில் வருகிறவர் எனக்கு ஐந்து மணி நேரமாக வரவில்லை. பெற்ற பிள்ளை வைத்தால் எடுக்கிறது, மருமகள் வைத்தால் எடுக்கவில்லை. இதற்கு மேல் ஒரு மனுஷர் எப்படித்தான் சொல்லுவார்.

ஒன்றேகாலுக்கு அவரே கூப்பிட்டார். நான் போன் செய்யவில்லையே என்று பார்த்திருக்கிறார், குரலே கம்மிப்போயிருந்தது, மறுபடி இரண்டு மணிக்குத் தேர்வு அறைக்குள் போனால் போனை வெளியே கொடுத்துவிட வேண்டும். "எடுத்துடுச்சா?" என்றார். இல்லை என்றால் என்ன செய்வார், அப்படியே டப்பாவைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு ராத்திரி முழுக்கப் படுத்திருப்பார். "எடுத்துடுச்சுங்க, சாப்பிடுங்க" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். பொய் சொல்லப் பழகாதவளுக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிவதில்லை. "பாயசத்தைத்தான் மொதல்ல கொத்துச்சு" என்றேன். அதற்கப்புறம் இலையை மாடியில் விட்டுவைக்க முடியுமா, சாயங்காலம் துணி எடுக்க அவர் மாடிக்குப் போவார். படைத்த சோற்றைக் குப்பையில் போடக் கை வரவில்லை. மாடு என்று பார்த்தால் தெருவில் ஒன்றும் இல்லை. துரை மாடிப்படியில் நின்று வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. வாயில்லா ஜீவன், மாமா கையால் வளர்ந்தது, போகட்டும் என்று இலையோடு வைத்தேன். வடை, சோறு, பருப்பு, பாயசம், எல்லாவற்றையும் இரண்டு நிமிஷத்தில் வழித்துவிட்டு இலையையும் கொஞ்சம் தின்றது. அப்புறம் நான் உட்கார்ந்து மூன்று டம்ளர் பாயசம் குடித்தேன். பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள், எனக்குத் தாராளமாகக் கிடைத்தது.

இரண்டரைக்கு முதல் வாந்தி. கூடத்தின் நடுவில், படையல் போட்ட இடத்துக்குப் பக்கத்தில். நல்ல நாளும் அதுவுமாக என்று பதறி, ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் கூட்டித் தள்ளி, ஃபினாயில் போட்டு, மறுபடி தண்ணீர் ஊற்றித் தேய்த்துவிட்டேன். தீட்டுக் கழிக்கிற மாதிரி அவ்வளவு சுத்தம். ஒரு சோற்றுப் பருக்கைகூட விடவில்லை. இப்போது அதைத்தான் தேடுகிறேன். அதில் திராட்சை இருந்ததா. மஞ்சளாக இருந்தது, சோறு இருந்தது, இலைத் துணுக்கு ஒன்று பச்சையாக இருந்தது, அது நன்றாக ஞாபகம் இருக்கிறது, திராட்சை ஞாபகம் இல்லை. சாக்கடைக் குழாயின் வாயில் குச்சியை விட்டுக் கிளறிப் பார்த்தேன். ஃபினாயில் நாற்றம்தான் வந்தது. மூன்று மணிக்கு இரண்டாவது வாந்தி, வெறும் நுரை. அப்புறம் கல்லுக்குப் பக்கத்தில் தண்ணீராக ஒரு தரம் போயிற்று. டீ நேரத்துக்கு அவர் முதல் தரம் போன் செய்தபோது துரை வாந்தியெடுக்கிறது என்றுதான் சொன்னேன், என்ன தின்றது என்று அவர் என்னைக் கேட்கவே இல்லை, அவருக்கே தெரியும் என்று நினைத்துக்கொண்டுவிட்டார். தெரிந்ததை டாக்டரிடம் சொன்னார். டாக்டர் அதற்குத் தகுந்த வைத்தியம் சொன்னார். யார் மேலேயும் தப்பில்லை, எல்லாரும் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள், அடியில் இருக்கிற ஒரு செங்கல் மட்டும் நான் வைத்தது. எத்தனை போட்டேன். திராட்சைப் பாக்கெட்டை எடுத்து வந்து பார்த்தால் பாதி இருக்கிறது. நெய்யில் வறுத்தது ஒரு கைப்பிடி. பாயசத்தில் அது பரவலாகப் போயிருக்கும், ஒரு கரண்டிக்கு மூன்று நாலு என்று மனசைச் சமாதானம் செய்துகொள்ளலாம். ஆனால் காக்காய் இலைக்கு நான் கரண்டியால் அள்ளி ஊற்றவில்லையே. திராட்சையாகப் பொறுக்கிப் பொறுக்கி மேலே வைத்தேனே.

மாமாவுக்குத் திராட்சை என்றால் உயிர். பாயசத்தைக் குடித்துவிட்டு டம்ளரை மூக்குக்கு நேராகக் கவிழ்த்துத் தட்டித் தட்டி அடியில் ஒட்டியிருக்கிற கடைசித் திராட்சை வரை விழவைத்துத்தான் கீழே வைப்பார். போன வருஷம் மாசியில் போனார். அதற்கு ஐந்து நாள் முன்னால், அகிலா, ஒரு வாய் சேமியா பாயசம் வச்சுக் கொடும்மா என்றார். சுகர் முந்நூற்றுச் சொச்சம். காலில் புண் ஆறவில்லை. இனிப்பு வாயில் படக்கூடாது என்று டாக்டர் என்னிடம்தான் சொல்லியிருந்தார். நான் மாத்திரை டப்பாவைக் காட்டி, முதல்ல இது குறையட்டும் மாமா என்றேன். குரலில் கொஞ்சம் கடுப்பும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன், அன்றைக்கு மூன்றாவது தரமாகப் படுக்கைத் துணி மாற்றியிருந்தேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நாலு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் காலையில் காபியோடு போனேன், துரை கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை, அப்போதே தெரிந்துவிட்டது. நான் செய்தது சரிதான். எந்த டாக்டரைக் கேட்டாலும் சரி என்பார், அவர் பிள்ளையே ஆயிரம் தரம் சொல்லிவிட்டார், நீ சரியாகத்தான் செய்தாய் என்று. சரியாகச் செய்ததை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது. காரியத்தன்று பாயசம் வைத்தார்கள், நான் தொடவில்லை. அப்புறம் ஒரு அமாவாசைக்கும் பாயசம் வேண்டாம், சோறும் பருப்பும் போதும் என்று என் வீட்டுக்காரர்தான் சொல்லிக்கொண்டிருந்தார், எனக்காகத்தான் சொல்லியிருப்பார். ஒவ்வொரு அமாவாசையும் அவர் மாடியிலிருந்து இறங்கி வந்து எடுத்துடுச்சு என்று சொல்லும்போது, அன்றைக்கு ஒரு நாள் மட்டும் எனக்குச் சோறு நன்றாக இறங்கும். நான் சமைத்த சோற்றைத்தானே மாமா எடுத்திருக்கிறார், கோபம் குறைந்துகொண்டு வருகிறது என்று நினைத்துக்கொள்வேன். அந்தத் தைரியத்தில்தான் இந்தத் தரம் அவரைக் கேட்காமலே பாயசம் வைத்தேன். வேண்டாம் என்றவளே வைக்கிறாள் என்று மாமா பார்க்கட்டும் என்று வைத்தேன். அது காக்காய்க்கும் போகவில்லை, மாமாவுக்கும் போகவில்லை, இதோ இந்த வாயில்லாததன் வயிற்றில் போய் உட்கார்ந்திருக்கிறது. ஒருத்தருக்குக் கொடுக்காமல் பாவம், இன்னொன்றுக்குக் கொடுத்துப் பாவம்.

நாலு இருபது. கழுத்துத் தோலைப் பிடித்துத் தூக்கி விட்டுப் பார்க்கவும் சொல்லியிருந்தார் டாக்டர், உடனே படிந்தால் சரி. படிகிறது. சரி, படிகிறது, ஆனால் கிட்னியைத் தோலில் பார்க்க முடியுமா. துரை ஒரு தரம் எழுந்து, நாலு எட்டு வைத்து, எதற்காக எழுந்தோம் என்று மறந்த மாதிரி நின்று, திரும்ப வந்து என் புடவைத் தலைப்பு கிடக்கிற இடத்தில் படுத்தது. ஒருவேளை ஒன்றும் ஆகாது. சிலதுக்கு ஒன்றுமே ஆகாது என்றுதானே சொன்னார், அந்தச் சிலதில் இது ஒன்றாக இருக்கலாம், நாட்டு நாய், தெருவில் எதையெதையோ தின்ற ரத்தம். காத்திருந்து பார்க்கலாம். அவர் ஐந்தரைக்கு வந்துவிடுவார். வந்ததும் என்ன. அப்போது மட்டும் சொல்ல வாய் வருமா. இன்னொரு வழி இருக்கிறது, இவ்வளவு நேரம் தோன்றவில்லை பார்: அடுக்களையில் பாயசச் சட்டியை உருட்டித் தின்றுவிட்டது என்று சொல்லிவிடலாம். காக்காய் எடுத்தது எடுத்ததாகவே இருக்கும், திராட்சை விஷயமும் டாக்டர் காதுக்குப் போய்விடும், பாம்பும் சாகும், கோலும் முறியாது. எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. எழுந்து உள்ளே போய்ச் சட்டியைப் பார்த்தேன். உருட்டிவிட்டு வரலாமா என்று கையை நீட்டியும்விட்டேன். அடுக்களை வாசல்படிக்கு அந்தப் பக்கம் துரை வந்து நின்றிருந்தது. நான் எழுந்து போகிறேன் என்று தள்ளாடிக்கொண்டே பின்னால் வந்திருக்கிறது. காலெல்லாம் நடுங்குகிறது, ஆனாலும் படிக்கு இந்தப் பக்கம் ஒரு நகம் வைக்கவில்லை. இதையா திருடியது என்று சொல்லப்போகிறேன். அவர் நம்பவே மாட்டார் என்பது ஒரு பக்கம், நம்பிவிட்டால் அதைவிடக் கேவலம். அங்கேயே, படியின் மேலேயே, மூன்றாவது தரமாக நுரையைக் கக்கியது. அதில் ரோஜா நிறத்தில் ஒரு கோடு இருந்தது, அல்லது எனக்கு அப்படித் தெரிந்தது. இந்தத் தரம் நான் கழுவவில்லை.

ஐ.டி.ஐ. ஆபீஸில் ஒரு பெண் எடுத்தாள். எக்ஸாம் நடக்கிறது, சாரைக் கூப்பிட முடியாது, அவ்வளவு அவசரமா என்றாள். வீட்டில் உடம்பு சரியில்லை என்றேன். யாருக்கு என்றாள். எங்கள் வீட்டில் ஒருத்தருக்கு என்றேன், அதற்கு மேல் அவளுக்கு எதற்கு. அவர் வருவதற்குள் போனுக்கு அந்தப் பக்கம் இரும்பை அரம் போட்டுத் தேய்க்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. என்ன அகிலா, என்ன ஆச்சு என்று ஓடி வந்த மூச்சோடு கேட்டார். முன்னும் பின்னும் யோசித்து வைத்திருந்ததெல்லாம் போயிற்று. "காக்கா எடுக்கலங்க," என்றேன். "நான் பொய் சொன்னேன். அந்த எலைய தொரைக்குதான் போட்டேன். பாயசத்தோட. திராட்சை நெறைய இருந்துச்சு." அரச் சத்தம் மட்டும் வந்தது. கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தினால் நான் அழுவதற்கு ஒரு சாக்குக் கிடைக்கும். "எத்தனை மணிக்குப் போட்ட?" என்றார். ஒன்றரை இருக்கும் என்றேன். ஆட்டோ பிடித்து வருகிறேன், துணியில் சுற்றி வாசலில் வைத்திரு என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். காக்காயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

டாக்டருக்கு வீட்டிலேயே, கார் நிறுத்துகிற இடத்தில்தான் வைத்தியம். ஒரு நீள பெஞ்சு, சுவரில் ஆணி, ஆணியில் சலைன் பாட்டில். மூன்று தரம் வாந்தி எடுத்துவிட்டதால் பெரும்பாலும் வெளியே வந்திருக்கும், ஆனால் இந்தத் திராட்சை விஷயத்தில் எதையும் அடித்துச் சொல்ல முடியாது, இரண்டு மூன்று நாள் சிறுநீர் ஒழுங்காகப் போகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள், இதை மதியமே சொல்லியிருந்தால் இன்னும் நல்லது என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, ஊசியைப் பார்த்துச் சொன்னார். முன்னங்காலில் ஊசியைக் குத்தி பிளாஸ்திரி ஒட்டி, ஏறி முடிகிற வரைக்கும் காலை அசைய விடாதீர்கள், இரண்டு பேரும் பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆட்டைப் பார்க்கப் போனார். துரையை நடுவில் படுக்கவைத்து ஆளுக்கு ஒரு பக்கம் உட்கார்ந்தோம். அவர் தோளையும் தலையையும் பிடித்துக்கொண்டார், நான் காலைப் பிடித்துக்கொண்டேன். அவர் உள்ளங்கை ரேகையெல்லாம் இரும்புக் கறுப்பு. நானே ஆரம்பித்தேன். மன்னிச்சுக்குங்க, உங்கப்பாவுக்கு என்மேல கோபம் தீரல, அதான் நான் வச்சா எடுக்கல, நீங்க வச்சா மட்டும் எடுக்கறாரு என்றேன். அவர் துரையின் மடங்கின காதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் எடுத்ததில்ல, அகிலா" என்றார். "ஒரு அமாவாசைக்குக்கூட எடுத்ததில்ல. பதினேழு மாசமா இவனுக்குத்தான் போட்டுட்டு வரேன். வெறுஞ்சோறு, பருப்பு, ஒன்னும் பண்ணல." பதினேழு அமாவாசை. பதினேழு தரம் நான் வயிறார உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன், மாமா இறங்கி வருகிறார், இறங்கி வருகிறார் என்று. ஏன் சொல்லவில்லை என்றேன். சொன்னால் நீ உன்மேல் போட்டுக்கொள்வாய் என்றார். அப்புறம் அவரே சொன்னார். "இன்னைக்கு நீ சொன்னதும் நம்பிட்டேன். பாயசத்தைத்தான் மொதல்ல கொத்துச்சுன்னியே. எனக்கு வரலைன்னாலும் பரவால்ல, அவளுக்கு வந்துட்டாரு, சரியாப்போச்சுன்னு நெனச்சேன். டப்பாவத் தொறந்து வச்சுக்கிட்டு அழுதுட்டேன். பசங்கள்லாம் பாத்தானுங்க."

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவருக்கு ஒரு காக்காயாவது மிஞ்சியிருக்கும். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி மூக்கு நுனியில் வந்து நின்றது. துடைத்துக்கொள்ள அவருக்குக் கை ஒழியவில்லை. துரை அப்போது பார்த்துக் காலை ஒரு இழு இழுத்தது, அதனால் நானும் கையை எடுக்க முடியவில்லை. பாட்டிலில் இன்னும் முக்கால்வாசி இருந்தது.